திருகோணமலையில் இருந்தே சர்வதேச வர்த்தக ஆய்வு: ஒரு பொருளில் இருந்து தொடங்குங்கள்

கம்பஸில் ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுக்கச் சொல்கிற மாதம் வந்தால், பிள்ளைகள் கொண்டுவருகிற தலைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "சர்வதேச வர்த்தகமும் இலங்கையின் பொருளாதார அபிவிருத்தியும்: 1977 முதல் இன்று வரை." நானும் இதே தலைப்போடுதான் தொடங்கினேன். மத்திய வங்கி ஆண்டறிக்கைகளில் இருந்து ஏற்றுமதி, மொத்த உள்நாட்டு உற்பத்தி இரண்டையும் வருட வாரியாக எடுத்து, எக்செலில் போட்டு, ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) ஓட்டினேன். எண்கள் அவ்வளவு அழகாகப் பொருந்தின. மேற்பார்வையாளர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்திக்குள்ளேயே ஒரு பகுதிதானே?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆமாம், நுகர்வு, முதலீடு, அரச செலவு, ஏற்றுமதி எல்லாவற்றையும் கூட்டி இறக்குமதியைக் கழித்தால் வருவதுதான் மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஒரு கூட்டுத்தொகையை அதன் ஒரு உறுப்போடு பொருத்திப் பார்த்து "நேர்த்தொடர்பு உண்டு" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல், வருமானம் கூடுகிற நாடு ஏற்றுமதியும் கூடச் செய்யும், ஆக எது எதைத் தள்ளுகிறது என்றும் தெரியாது. இரண்டுமே வருடா வருடம் ஏறுகிற தொடர்கள் என்பதால் எதைப் போட்டாலும் பொருந்தத்தான் செய்யும்.

இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு. கிண்ணியா, மூதூர், கந்தளாய், நிலாவெளி என்று எங்கிருந்தாலும், ஒரு பழைய லப்டொப்பும் போன் டேட்டாவும் இருந்தால் இந்தத் துறையில் உருப்படியான ஒரு ஆய்வைச் செய்ய முடியும். நாடு முழுவதையும் ஒரே தாளில் அளக்கப் போகாமல் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அந்தப் பொருளின் எண் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கணக்குப் போடத் தொடங்குங்கள். கீழே இருக்கிற படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

திருகோணமலைக்காரருக்கு இதில் பெரிய வசதி உண்டு. சீனன்குடாவில் பிறிமா ஆலைக்குக் கோதுமை வந்து மாவாகிறது. பக்கத்திலேயே டோக்கியோ சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் வந்து அரைபட்டுச் சீமெந்தாகிறது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகுகள் சூரை இறக்குகின்றன. வடக்கே புல்மோட்டையில் கனிய மணல் தோண்டி ஏற்றுமதி செய்கிறார்கள். ஊரைவிட்டு வெளியே போகாமலே, இறக்குமதி செய்து பதப்படுத்தும் தொழிலையும், கடலில் பிடித்து ஏற்றுமதி செய்வதையும், மண்ணில் எடுத்ததை அப்படியே விற்பதையும் பார்த்துவிடலாம். பாடப்புத்தகத்தில் இவை தனித்தனி அத்தியாயங்கள்.

இந்தக் கட்டுரைக்கு நான் புல்மோட்டை மணலைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு எண்ணின் கதையை முழுதாகக் காட்டலாம்.

இரண்டாம் படி: பொருளின் குறியீட்டைக் கண்டுபிடியுங்கள்

உலகம் முழுக்க சுங்கத் திணைக்களங்கள் பொருட்களுக்கு எச்.எஸ். குறியீடு என்ற ஒரே இலக்க முறையைத்தான் பாவிக்கின்றன. முதல் 2 இலக்கம் அத்தியாயம், 4 இலக்கம் தலைப்பு, 6 இலக்கம் உபதலைப்பு. 6 இலக்கம் வரை எல்லா நாட்டிலும் ஒன்றுதான், அதற்கு மேலே ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்ளும். மீன் 03ஆம் அத்தியாயம். குளிரூட்டிய மஞ்சள் துடுப்புச் சூரை 0302.32, உறையவைத்தது 0303.42. கோதுமை 1001, மா 1101. கிளிங்கர் 2523.10.

புல்மோட்டை மணலில் இருக்கிற இல்மனைட்டும் ரூட்டைலும் தைத்தானியத் தாதுக்கள், ஆகவே 2614. சிர்க்கோன் 2615.10. இங்கேதான் கவனம் வேண்டும். 2614 என்ற தலைப்பு 6 இலக்கத்தில் பிரிவதில்லை, 2614.00 என்று ஒரே வரிதான். இல்மனைட்டில் தைத்தானியம் டைஒக்சைட் ஏறக்குறையப் பாதி, ரூட்டைலில் 90 வீதத்துக்கும் மேல். அதனால் ரூட்டைலின் விலை பல மடங்கு. இரண்டும் ஒரே வரியில் கிடப்பதால், ஒரு வருடம் ரூட்டைல் கொஞ்சம் கூடுதலாகக் கப்பலேறினால் "தொன் ஒன்றின் விலை" துள்ளி ஏறியதுபோலத் தெரியும். சந்தையில் விலை மாறியே இருக்காது, கலவைதான் மாறியிருக்கும். இதைத் தெரியாமல் ஒருவர் "உலக விலை ஏற்றத்தால் இலங்கை பயனடைந்தது" என்று எழுதினால் அந்த முழு அத்தியாயமும் வீண். ஆகவே இலங்கைச் சுங்கத்தின் 8 இலக்கத் தீர்வை அட்டவணையைத் திறந்து, உங்கள் பொருள் அங்கே எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அட்டவணை இணையத்தில் இருக்கிறது.

இன்னொன்று, இந்தக் குறியீடுகள் நிலையானவை அல்ல. 1988இல் வந்த முறை 1996, 2002, 2007, 2012, 2017, 2022 என்று திருத்தப்பட்டிருக்கிறது. நீண்ட காலத் தொடர் எடுப்பவர் தன் பொருளின் இலக்கம் இடையில் உடைந்திருக்கிறதா, வேறொன்றோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

மூன்றாம் படி: தரவை இறக்குங்கள்

ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத்தளமான கொம்ட்ரேட்டில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்தால் போதும். அறிக்கையிடும் நாடு, பங்காளி நாடு, பொருள், வருடம், ஏற்றுமதியா இறக்குமதியா என்று ஐந்தைத் தெரிவுசெய்தால் அட்டவணை வரும். மதிப்பு அமெரிக்க டொலரில் இருக்கும், பல பொருட்களுக்கு நிறை கிலோவில் இருக்கும். உலக வங்கியின் விட்ஸ் தளத்தில் இதே தரவோடு தீர்வை விகிதங்களும் கிடைக்கும்.

நாட்டு இலக்கங்களில் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை விழுகிறார்கள். இலங்கை 144, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் இந்தியாவுக்கு வழமையான ஐ.நா. இலக்கம் 356 ஆக இருந்தாலும் கொம்ட்ரேட் 699ஐப் பாவிக்கிறது, அமெரிக்காவுக்கு 840 இல்லை, 842. வேறொரு தரவுத்தளத்தோடு இலக்கத்தை வைத்து இணைக்கும்போது இந்தியாவும் அமெரிக்காவும் சத்தமில்லாமல் கழன்று விழுந்துவிடும், கணினி எந்த எச்சரிக்கையும் தராது. இலங்கையின் வர்த்தகத்தில் இந்த இரண்டு நாடும் இல்லாமல் எதைச் சொல்ல முடியும்? இணைத்த பிறகு எத்தனை நாடு மிஞ்சியது என்று எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும்.

இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு போல்டரில் வையுங்கள், இறக்கிய திகதியைப் பெயரிலேயே போடுங்கள். நாடுகள் பழைய வருட எண்களைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து நீங்கள் மீண்டும் இறக்கினால் வேறு எண் வரலாம், அப்போது எது எப்போது எடுத்தது என்று தெரியாவிட்டால் பெரிய அவதி.

நான்காம் படி: மறுபக்கத்தில் இருந்தும் பாருங்கள்

ஒரு கப்பல் மணல் இங்கிருந்து போகும்போது இலங்கை அதை ஏற்றுமதி என்று பதிகிறது, போய்ச் சேர்கிற நாடு இறக்குமதி என்று பதிகிறது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும் என்றுதான் தோன்றும். இருக்காது. ஏற்றுமதி எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றிய கட்டத்தின் விலையில். இறக்குமதி பெரும்பாலும் சி.ஐ.எஃப்., அதாவது காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்தது. மணல் போல நிறை கூடிய, விலை குறைந்த பொருளுக்குக் கப்பல் கூலி விலையில் பெரிய பங்கு எடுக்கும். டிசம்பரில் ஏறிய கப்பல் ஜனவரியில் சேர்ந்தால் வருடமே மாறும். இடையில் இன்னொரு துறைமுகத்தில் மாற்றி ஏற்றினால், எந்த நாட்டுக்குப் போனது என்பதும் குழம்பும்.

ஆகவே ஒரு தாளில் இடப்பக்கம் இலங்கை சொன்ன எண்ணையும், வலப்பக்கம் வாங்கிய நாடு சொன்ன எண்ணையும் வருட வாரியாக எழுதுங்கள். வித்தியாசம் சின்னதாகவும் ஒரே திசையிலும் இருந்தால் பெரும்பாலும் கப்பல் கூலிதான். ஏதாவது ஒரு வருடம் மட்டும் பெரிதாகப் பிளந்தால் அங்கே நின்று பாருங்கள். தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், குறியீடு மாற்றிப் பதிந்திருக்கலாம், மதிப்பைக் குறைத்துக் காட்டியதாகவும் இருக்கலாம். எது என்று உங்கள் தரவு மட்டும் சொல்லாது, அவசரப்பட்டு யார் மீதும் குற்றம் எழுதவும் கூடாது. இந்த வேலையை நூற்றுக்கணக்கான நாடுகளுக்கு ஏற்கெனவே செய்து, இரு பக்க எண்ணையும் ஒன்றாக்கி, 1995 முதல் இலவசமாகத் தருகிறது செப்பீ என்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அந்தத் தரவுத்தளத்தின் பெயர் பாச்சி. கடைசியில் அதைப் பாவிப்பது நல்லது. ஆனால் ஒரு பொருளுக்காவது இந்த ஒப்பீட்டைக் கையால் செய்து பழகிய பிறகு பாவியுங்கள்.

திருகோணமலை மாணவர்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய ஒரு விடயம் இங்கே சொல்லவேண்டும். "திருகோணமலை மாவட்டத்தின் ஏற்றுமதி" என்று ஒரு எண் கிடையாது. சுங்கம் பதிவது பொருள் வெளியேறும் இடத்தில். கொட்பேயில் இறங்கிய சூரை ஐஸோடு லொறியில் ஏறி இரவோடு இரவாக மேற்கே போய், கட்டுநாயக்காவில் இருந்து விமானத்தில் போனால், பதிவு அங்கேதான். பிடித்தவர் எந்த ஊர் என்று அந்தப் பத்திரத்தில் இல்லை. இதைத் தெரியாமல் ஆறு மாதம் அலைந்து, அலுவலகம் அலுவலகமாகக் கடிதம் கொடுத்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். எந்த அலுவலகத்திலும் "அப்படி ஒரு எண்ணே இல்லை" என்று சொல்லாமல், வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: "தாக்கம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒரு நாளைத் தேடுங்கள்

"வர்த்தகத்தின் தாக்கம்" என்ற தலைப்பு பிடிபடாது. ஒரு விதி மாறிய நாளைப் பிடியுங்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேளுங்கள். இலங்கையில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமில்லை. இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை 2010 ஓகஸ்ட்டில் நிறுத்தப்பட்டு 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. கந்தளாய்ப் பக்கப் பிள்ளைகள் 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து அதே வருடம் நவம்பரில் திரும்பப் பெற்றதை எடுக்கலாம், அதன் விளைவு அவர்கள் வீட்டு வயலிலேயே தெரிந்தது. 2025இல் அமெரிக்கா முதலில் 44 வீதம் என்று அறிவித்து, பிறகு 30, பிறகு 20 என்று இறக்கிய தீர்வையைப் பற்றி எழுத எல்லோருக்கும் ஆசை. ஆனால் முடிவு சொல்ல அதற்குப் பின்னான காலம் போதாது, முதல் ஆய்வுக்கு அதைத் தொடவேண்டாம்.

மீனை ஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 2015. சட்டவிரோத, அறிக்கையிடப்படாத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைப் படகுகள் பிடித்த மீனுக்கு 2015 ஜனவரியில் தடை போட்டது, 2016 ஜூனில் நீக்கியது. ஒரு தெளிவான தொடக்கம், ஒரு தெளிவான முடிவு. ஐரோப்பாவுக்குப் போன சூரையை அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போனதோடு, தடைக்கு முன், தடையின்போது, தடைக்குப் பின் என்று ஒப்பிடலாம். வித்தியாசங்களின் வித்தியாசம் என்று சொல்கிற முறை இதுதான், பெயர்தான் பயமுறுத்தும். இரண்டு சந்தை, தடைக்கு முன், தடையின்போது என்று இரண்டு காலம் எடுத்தால் நான்கு சராசரிகளும் மூன்று கழித்தலுமே.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போக முடியாத மீன் கடலிலேயே நின்றுவிடாது, வேறு சந்தைக்குத் திரும்பும். அப்படியென்றால் நீங்கள் "பாதிக்கப்படாதது" என்று ஒப்பீட்டுக்கு எடுத்த அமெரிக்கச் சந்தையும் தடையால் மாறியிருக்கிறது, உங்கள் விடை உண்மையைவிடப் பெரிதாக வரும். இதை எப்படிச் சமாளிப்பது? மொத்த ஏற்றுமதி அளவையும் சேர்த்துப் பாருங்கள், அல்லது இலங்கையை விட்டு மாலைதீவு போன்ற இன்னொரு நாட்டின் சூரையை ஒப்பீட்டுக்கு எடுங்கள். எதைச் செய்தாலும் இந்தப் பிரச்சினையை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். வாய்மொழிப் பரீட்சையில் அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

ஆறாம் படி: கொஞ்சம் கோட்பாடு, கொஞ்சம் கணக்கு

1817இல் ரிக்கார்டோ சொன்ன ஒப்பீட்டு நன்மை, அதாவது ஒவ்வொரு நாடும் ஒப்பீட்டளவில் குறைந்த செலவில் செய்யக்கூடியதைச் செய்து விற்கும் என்பது, உங்களுக்கு ஏ.எல். காலத்திலேயே தெரியும். அதற்கு அப்பால் முதல் ஆய்வுக்கு மூன்றே தேவை.

ஒன்று, 1965இல் பலாசா கொடுத்த வெளிப்பட்ட ஒப்பீட்டு நன்மைச் சுட்டெண். உதாரணத்துக்கு, நாட்டின் ஏற்றுமதி 100 ரூபாவில் ஒரு பொருள் 4 ரூபா, உலக ஏற்றுமதி 100 ரூபாவில் அதே பொருள் 1 ரூபா என்று வைத்துக்கொண்டால், சுட்டெண் 4. ஒன்றுக்கு மேல் என்றால் அந்தப் பொருளில் நாடு உலகச் சராசரியைவிடச் சிறப்புத்தேர்ச்சி கொண்டது. அவ்வளவுதான் அது சொல்லும். மலிவாக உற்பத்தி செய்கிறோம் என்றோ, அதனால் மக்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றோ சொல்லாது. புல்மோட்டை மணலுக்கு இதைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடாதீர்கள். அதே மணலில் இருந்து வருகிற தைத்தானியம் டைஒக்சைட் நிறப்பொருள் 3206 தலைப்பில் இருக்கிறது, பெயின்டுக்குப் போவது. நாங்கள் 2614ஐ எவ்வளவு டொலருக்கு விற்று, 3206ஐ எவ்வளவு டொலருக்கு வாங்குகிறோம், கிலோவுக்கு என்ன வித்தியாசம் என்று இருபது வருட அட்டவணை ஒன்றைப் போட்டால், பெறுமதி சேர்த்தல் என்று மேடை மேடையாகப் பேசுவதை எண்ணில் காட்டிவிடலாம். பிறகு ஏன் இங்கே அந்த ஆலை வரவில்லை என்ற கேள்வி தானாக வரும். மின்சாரம், இரசாயனக் கழிவு, மூலதனம், அளவு என்று அதற்குப் பல பக்கம் உண்டு.

இரண்டு, 1950இல் பிரெபிஷும் சிங்கரும் தனித்தனியாக முன்வைத்த கருத்து: மூலப்பொருள் விற்கும் நாடுகளின் வர்த்தக மாற்று விகிதம், அதாவது விற்கும் பொருளின் விலைக்கும் வாங்கும் பொருளின் விலைக்கும் உள்ள விகிதம், காலப்போக்கில் சரிகிறது. மணல், தேயிலை, மீன் எதை எடுத்தாலும் இந்த விவாதத்தோடுதான் நீங்கள் பேசுகிறீர்கள்.

மூன்று, ஈர்ப்பு மாதிரி. 1962இல் டின்பெர்கன் பாவித்தது. இரண்டு நாட்டுக்கிடையிலான வர்த்தகம் அவற்றின் பொருளாதார அளவோடு கூடும், தூரத்தோடு குறையும். ஓட்டுவது சுலபம், பிழையாக ஓட்டுவது இன்னும் சுலபம். இலங்கை எத்தனையோ நாடுகளுக்கு எத்தனையோ பொருளை விற்பதே இல்லை, அங்கெல்லாம் பூச்சியம். இந்த மாதிரியை வழமையாக மடக்கை (லொக்) எடுத்துத்தான் ஓட்டுவார்கள், பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. சிலர் எல்லாவற்றோடும் 1ஐக் கூட்டி மடக்கை எடுக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், டொலரை ஆயிரம் டொலராக மாற்றினாலே விடை மாறிவிடும். 2006இல் சந்தோஸ் சில்வாவும் டென்ரெய்ரோவும் காட்டிய, பூச்சியங்களையும் அப்படியே சேர்த்துக்கொள்ளும் பி.பி.எம்.எல். முறையைப் பாவியுங்கள். ஆர் மென்பொருள் இலவசம், அதில் ஃபிக்ஸெஸ்ட் என்ற பொதி இதை ஒரே வரியில் செய்யும். ஸ்டேட்டாவைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

ஏழாம் படி: எண்ணில் இருந்து ஆட்களுக்கு

"பொருளாதார அபிவிருத்தி" என்று தலைப்பில் எழுதினால் ஏற்றுமதி கூடியது என்று காட்டினால் மட்டும் போதாது, யாருடைய வீட்டில் என்ன மாறியது என்று காட்டவேண்டும். இதற்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வு இருக்கிறது. மாவட்ட மட்ட எண்கள் அறிக்கையிலேயே கிடைக்கும்.

இங்கே மனதுக்குக் கனமான ஒன்றைச் சொல்லவேண்டும். 2002 ஆய்வில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006/07இல் கிழக்கு வந்தது, ஆனால் திருகோணமலை மாவட்டம் மட்டும் விடுபட்டது. நாடு முழுவதும் எண்ணிய சனத்தொகை மதிப்பு 1981க்குப் பிறகு 2012இல்தான். யுத்தம் நடந்த பெரும்பாலான வருடங்களில், எங்கள் வீடுகளில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று இந்த ஆய்வின் அட்டவணையில் ஒரு நிரல் இல்லை. "இலங்கையில் வறுமை குறைந்தது" என்ற பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது அடிக்குறிப்பைப் பாருங்கள், எங்களைச் சேர்க்காத இலங்கை அது. அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பவேண்டாம். உங்கள் காலப்பகுதியை 2009/10 அல்லது 2012/13இல் இருந்து தொடங்கி, ஏன் அப்படித் தொடங்குகிறீர்கள் என்று ஒரு பந்தி எழுதுங்கள். அந்தப் பந்தியே ஒரு பங்களிப்பு.

எண் இல்லாத இடத்தில் ஆட்களிடம் போங்கள். விடியப்புறம் துறையில் மீன் ஏலம் விடும் நேரத்தில் பேசப் போகவேண்டாம், யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள். வலை தைக்கிற பின்னேரம் போங்கள். "ஏற்றுமதியால் உங்களுக்கு நன்மையா?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஓம்" என்பார்கள். அதைவிட, "நேற்று இந்தச் சூரை கிலோ என்ன விலைக்குப் போனது, யார் எடுத்தது, காசு எப்போது கைக்கு வரும், ஐஸும் டீசலும் யார் தந்தது?" என்று கேளுங்கள். டீசலுக்கு முன்பணம் தந்த முதலாளிக்கே மீனைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இருந்தால், கொழும்பில் ஏற்றுமதி விலை ஏறினாலும் கரையில் ஏறாது. எந்தக் கொம்ட்ரேட் அட்டவணையிலும் இது இல்லை. போவதற்கு முன் கம்பஸின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி எடுங்கள், பெயர், படகு இலக்கம், கடன் தொகை எதையும் ஆளை அடையாளம் காட்டும்படி எழுதாதீர்கள். சின்ன ஊர், ஒரு வரி போதும் ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்க.

எட்டாம் படி: படிப்பதும் எழுதுவதும்

கட்டணம் கட்டிப் படிக்கவேண்டியதில்லை. பொருளியல் ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் ரெப்பெக் தளத்தில் பல கட்டுரைகளின் முன்வரைவு இலவசமாகக் கிடைக்கும், உலக வங்கி, உலக வர்த்தக நிறுவனம் இரண்டின் ஆய்வுத்தாள்களும் அப்படியே. இலங்கை வர்த்தகக் கொள்கைக்கு பிரேமச்சந்திர அத்துக்கோரள எழுதியவற்றில் இருந்து தொடங்குங்கள், கொழும்பில் உள்ள கொள்கைக் கற்கைகள் நிறுவகத்தின் வெளியீடுகளையும் பாருங்கள். ஒரு கட்டுரையைத் திறந்தால் முதலில் அறிமுகம், பிறகு தரவுப் பகுதி, பிறகு முதல் அட்டவணை, இவ்வளவும் படித்தால் போதும், பிடித்தால் மட்டும் மிச்சம்.

பிரசுரிக்க ஆசைப்படும்போது, "48 மணித்தியாலத்தில் ஏற்றுக்கொள்வோம், கட்டணம் இவ்வளவு" என்று ஈமெயில் அனுப்புகிற சஞ்சிகைகளுக்குக் காசு கட்டவேண்டாம். உங்கள் விரிவுரையாளரிடம் காட்டிக் கேளுங்கள், அல்லது கம்பஸ்களில் வருடாவருடம் நடக்கிற ஆய்வு மாநாடுகளில் முதலில் வாசியுங்கள்.

ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டியிருக்கும். ஆனாலும் ஆய்வுக் கேள்வியை முதலில் தமிழில் ஒரு வரியில் எழுதுங்கள், வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்கவில்லை என்றால் பெரும்பாலும் உங்களுக்கே இன்னும் விளங்கவில்லை. "ஐரோப்பா மீனை நிறுத்தினபோது கொட்பேயில் சூரை விலை விழுந்ததா?" என்றால் அவருக்கு விளங்கும், அடுத்த கேள்வியையும் அவரே கேட்பார்.

சரி, இன்று இரவுக்கு ஒரு வேலை. கொம்ட்ரேட்டில் கணக்குத் திறந்து, இலங்கை 144, பொருள் 2614, பங்காளி எல்லா நாடும், கடைசிப் பத்து வருடம் என்று போட்டு இறக்குங்கள். அதிகம் வாங்கிய நாடு எது என்று பார்த்து, அந்த நாட்டின் இறக்குமதி எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். எந்த வருடத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அந்த வருடத்துக்கு ஒரு வட்டம் போட்டு, நாளைக்கு மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள்.